தமிழ் விக்கிப்பீடியாவில எட்டு வருசம், அந்த "சான்று தேவை"யோட

போன கிழமை மச்சாள் கேட்டவ, தானும் விக்கிப்பீடியாவில எழுதத் தொடங்கட்டோ எண்டு. வட்ஸப்பில ரெண்டு வரியில சொல்லி முடிக்க மனசு வரேல்ல, அதான் இங்க எழுதுறன். கணக்குத் திறக்கிறது, மணல்தொட்டியில எழுதிப் பழகிறது எல்லாம் அரை மணித்தியாலத்தில பிடிபடும், அதை விடுவம்.

2017 மேயில தமிழ் விக்கி ஒரு லட்சம் கட்டுரை தாண்டின புழுகத்திலதான் நான் சேந்தனான். முதல் கை வச்சது எங்கட திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றுக் கட்டுரையில. அப்பாச்சி செத்த பிறகு செய்யிற அந்தியேட்டிச் சடங்குக்கும் அங்கதான் போனனாங்கள், ஏழு கிணறும் எனக்குக் கைரேகை மாதிரி, ஒரு கிணத்துத் தண்ணி இளஞ்சூடா இருக்கும், பக்கத்துக் கிணத்தில அள்ளி ஊத்தினா தோள் சுள்ளெண்டும். அதை எழுதிச் சேமிச்சிட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாத்தா, என்ர வசனத்துக்குப் பின்னால சின்னனா "சான்று தேவை" எண்டு நிக்குது.

எனக்கு வந்த கோவம் சொல்லேலாது. போட்டவர் கேட்டது ஒரு புத்தகப் பேர் மட்டும்தான், ஆனா எனக்கு விளங்கினது "நீ பொய் சொல்லுறாய்" எண்டு. கட்டுரையைப் பற்றிக் கதைக்கிற பேச்சுப் பக்கத்தில ஆறு வரி கொட்டினன், நீங்க ஒருநாள் எண்டாலும் கன்னியாவில குளிச்சிருக்கிறீங்களோ எண்டு. இரவு 11.40க்கு எழுதினது, பிறகு நானே அழிச்சும் வரலாறு எண்ட பக்கத்தில மணித்தியாலம் நிமிசத்தோட இண்டைக்கும் கிடக்கு.

பழகப் பழக நல்லதும் தெரிஞ்சுது, அதையும் சொல்லத்தான் வேணும். கோணேசர் கோயிலைப் போத்துக்கீசர் இடிச்சது 1622 எண்டு சில புத்தகம், 1624 எண்டு சிலது, வீட்டில இதைக் கதைச்சா சண்டையிலதான் முடியும், விக்கியில ரெண்டையும் சான்றோட பக்கத்தில பக்கத்தில எழுதினா ரெண்டு பேரும் அடங்கினம். நூலகம் எண்ட இணையத்தளத்தில ஸ்கேன் பண்ணி வச்சிருக்கிற பழைய சிறப்பு மலருகளை நான் தேடி வாசிக்கத் தொடங்கினதும் இதாலதான். ஆரெண்டே தெரியாத ஒராள் நடுச்சாமத்தில வந்து என்ர ஒரு றகரத்தை ரகரமாத் திருத்திட்டுப் பேசாமப் போயிருப்பார், விடிய அதைக் கண்டா அண்டைக்கு முழுக்க மனசு குளிரும்.

ஆனா மூண்டாம் வருசம் ஒரு பெடியன் வந்தவன். 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் திருகோணமலையில குண்டு போட்ட நேரம் தன்ர தாத்தா மேசைக்குக் கீழ ஒளிச்சதையும், பிறகு சனம் மூட்டை முடிச்சோட ஊர் விட்டுப் போனதையும் எழுதியிருந்தவன். வாசிச்சன், நல்லாயிருந்துது, எண்டாலும் கை தன்ர பாட்டில போய் "சான்று தேவை" போட்டுது. விதிப்படி சரிதான், சொந்த அனுபவத்துக்கு அங்க இடமில்லை. அவன் ஒரே ஒரு வரிதான் எழுதினவன்: "அண்ணா, நீங்க அண்டைக்கு இருந்தனீங்களோ?"

என்ர கன்னியாக் கோவம் அப்பிடியே அவன்ர வாயால வந்துது. முதல் எழுதினதையே வெட்டிப்போட்டா புது ஆக்கள் திரும்பி வாறது குறையுது எண்டு ஆங்கில விக்கியை ஆராய்ஞ்சவை எழுதியிருக்கினம், எனக்கு அது முன்னமே தெரியும். தெரிஞ்சும் அவனுக்கு ஒரு வணக்கம் சொல்லேல்ல, தாத்தாட்ட இன்னும் கேட்டு வையடா, எங்கயாவது ஒரு மலரில அச்சில வரட்டும், அதைச் சான்றாப் போடுவம் எண்டு ஒரு வசனம் எழுதேல்ல.

மச்சாள், இப்ப கேட்டா பத்துக்கு நாலுதான் குடுப்பன், நீங்க தொடங்க வேண்டாம். நான் விடமாட்டன், அது வேற கதை. அவன்ர பேச்சுப் பக்கத்தில பிந்தித்தான் மன்னிப்புக் கேட்டு எழுதினனான். நேற்றும் அவன்ர பங்களிப்புகள் பக்கத்தைத் திறந்து பாத்தன், அந்த ஒரு வரிக்குப் பிறகு ஒண்டுமில்லை.