ஒரே லிங்க், ஐந்து வருடம்

அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 2020 ஊரடங்கில் பாடக் குறிப்புகளைப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேறு வழியில்லாமல், கோப்புகளை இணையத்தில் வைத்துப் பகிரும் கூகுள் டிரைவைக் கையில் எடுத்தேன். பள்ளி திறந்த பிறகும் விட மனம் வரவில்லை.

முதலில் ஒளியியல் பாடக் குறிப்பை ஏற்றி, லிங்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மறுநாள் காலை மெயிலைத் திறந்தால் அனுமதி கேட்டு வரிசையாக மின்னஞ்சல்கள். எனக்குத் திறந்த கோப்பு ஒரு பிள்ளைக்கும் திறக்கவில்லை. டிரைவில் நாம் மாற்றாதவரை கோப்பு நமக்கு மட்டும்தான். 'லிங்க் உள்ள எவரும்' என்று மாற்றி, 'பார்வையாளர்' என்று வைக்க வேண்டும். அன்றிலிருந்து எந்த லிங்கையும் குரோமின் இன்காக்னிட்டோ பக்கத்தில் திறந்து பார்க்காமல் அனுப்புவதில்லை. அதில் நம் கணக்கு இருக்காது. பிள்ளைகளின் திரையில் என்ன தெரியுமோ அதுவே நமக்கும் தெரியும்.

இரண்டாவது வருடம்தான் உருப்படியான வழி பிடிபட்டது. பாடத்துக்கு ஒரு பிடிஎஃப் என்று குழுவில் போட்டுக்கொண்டே இருந்தால், போன் நிறைந்ததும் வீட்டில் அழித்துவிடுகிறார்கள். தேர்வு நெருங்கும்போது "சார், அதை மறுபடி அனுப்புங்க" என்பார்கள். இப்போது ஒரே ஃபோல்டர், ஒரே லிங்க். குரோமிலேயே அதற்கு க்யூஆர் கோடு எடுத்து, அச்சிட்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன். அதற்கு முன் ஏதோ ஒரு இலவசத் தளத்தில் செய்த கோடு, சில வாரங்களில் பணம் கேட்டு நின்றுபோனது. நாற்பது நோட்டிலும் கிழித்து ஒட்ட வேண்டியதாயிற்று.

ஒருமுறை லென்சு சமன்பாட்டில் கழித்தல் குறி வர வேண்டிய இடத்தில் கூட்டல் போட்டுவிட்டேன். பழைய கோப்பை அழித்துப் புதிதாக ஏற்றினால் அதற்கு வேறு லிங்க் வந்துவிடும். கம்ப்யூட்டரில் டிரைவைத் திறந்து, பழைய கோப்பின் இடத்திலேயே புதியதை வைக்கும் 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' வழியாகத் திருத்தியதை ஏற்றினால் லிங்க் மாறாது. ஆனால் ஏற்கெனவே இறக்கியவர்களிடம் தவறு அப்படியே இருக்குமே! அதனால் வகுப்பிலும் சொல்லி, நோட்டில் திருத்த வைத்தேன்.

யூடியூப் வீடியோவில் நமக்கு வேண்டியது நடுவில் இரண்டு நிமிடம்தான் என்றால், ஷேர் பெட்டியில் 'ஸ்டார்ட் அட்' டிக் செய்து லிங்க் எடுங்கள். பிள்ளைகளின் டேட்டா மிஞ்சும். அப்புறம், வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பை அப்படியே அனுப்பாதீர்கள். போனில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். பிடிஎஃப் ஆக்கிவிட்டால் சரி.

குறை என்றால் இடம்தான். இலவச 15 ஜிபியில் ஜிமெயிலும் போட்டோக்களும் பங்கு கேட்கும். என் குடும்பப் படங்களால் மூன்றாம் வருடமே நிறைந்துவிட்டது. வகுப்புக்கென்று தனிக் கணக்கு தொடங்கியபின் தொல்லையில்லை.

என் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் போன் கிடைக்கும். அதனால் லிங்கில் போடும் வீட்டுப்பாடத்துக்கு எப்போதும் இரண்டு நாள் தருகிறேன். போனே இல்லாத மூன்று பேருக்காக ஒவ்வொரு குறிப்பின் அச்சுப் பிரதியும் வகுப்பு அலமாரியில் இருக்கிறது.