ஹேக் அரங்கமா, ஏற்காட்டு வீட்டுத் திரையா?

விடுமுறையில் ஏற்காட்டு வீட்டுக்கு வந்தபோது, நவீன பாலே நடனம் ஒன்றை அம்மாவுக்குத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினேன். இரி கிலியன் 1991-இல் அமைத்த ‘பெத்தீத் மோர்’. ஆறு ஆண்கள், ஆறு பெண்கள், ஆறு வாள்கள், மொசார்ட்டின் பியானோ இசை. நான் வேலை பார்க்கும் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். “இரண்டுக்கும் என்ன கண்ணு வித்தியாசம்?” என்று கேட்டார்.

நேரில் முதலில் வந்து சேர்வது ஒலி. வாள்கள் காற்றைக் கிழிப்பதும், ஆடுபவர்கள் மூச்சு வாங்குவதும் நம் இருக்கை வரை கேட்கும். அடுத்தது கண்ணின் சுதந்திரம். மேடையில் யாரைப் பார்ப்பது என்று நானே முடிவு செய்கிறேன். பதிவில் அதைக் கேமரா முடிவு செய்துவிடுகிறது. ஒரு ஜோடியை அருகில் காட்டும்போது, கூட்டாக அவர்கள் அமைக்கும் வடிவம் மறைந்துவிடுகிறது. குழு நடனத்தில் இது பெரிய இழப்பு. அதனால் என் தேர்வு அரங்கம்தான். பணம் இடித்தால் மேல்மாடத்தில் மலிவான டிக்கெட் வாங்கலாம். தரையில் உருவாகும் கோலம் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும்.

திரையில் முகபாவம் தெரிகிறது, நிறுத்திப் பார்க்கவும் முடிகிறது. ஓமலூர்ப் பக்கம் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர் அம்மா. “சலங்கையே இல்லையே, எப்படி ஒன்றாக அடி வைக்கிறார்கள்?” என்றார். அரங்கில் எனக்குத் தோன்றாத கேள்வி! அந்த இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் அவர்களின் தோள்கள் மூச்சோடு சேர்ந்து எழுவதை அம்மாதான் முதலில் கவனித்தார்.