கண்ணாடியைக் கழற்றி ஏழு வருஷம்: என் லேசர் கணக்கு

போன மாதம் ரீடிங் கிளாஸ் வாங்கினேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், புடவைக் கடைகளுக்கு நடுவில் ஒடுங்கி நிற்கும் சின்னக் கண்ணாடிக் கடை. பவர் பிளஸ் ஒன்று. "இதுக்கு முன்னாடி கண்ணாடி போட்டிருக்கீங்களா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். இருபத்து நாலு வருஷம் போட்டேன், ஏழு வருஷம் முன்னால் லேசர் செய்து கழற்றினேன் என்றேன். அவர் என்னையும் கையிலிருந்த பிரேமையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வாய்விட்டுக் கேட்காத கேள்வியை எனக்குத் தெரிந்த பாதிப் பேர் நேராகவே கேட்டுவிட்டார்கள்: மறுபடியும் கண்ணாடிதான் என்றால் எதற்கு அத்தனை பாடு?

எதற்கு என்று சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் ஏறிய கண்ணாடி, பத்தாம் வகுப்பில் சோடாபுட்டி ஆகிவிட்டது. முப்பத்து மூன்று வயதில் வலது கண் மைனஸ் ஐந்தரை, இடது ஐந்தேகால். வேலை மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சர்வே. பெட்டியைச் சுற்றி வந்து எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு, கதவு ரப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாலு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட பெட்டி எண்ணைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். பாதி நாள் நைட் ஷிப்ட். ஹெல்மெட், வியர்வை, வழுக்கி வழுக்கி மூக்கு நுனிக்கு வரும் கண்ணாடி. ஏசி கேபினிலிருந்து வெளியே வந்தால் புழுக்கத்தில் பனிபடர்ந்து ஒரு நிமிஷம் ஒன்றும் தெரியாது. காண்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தூசிக்கும் உப்புக் காற்றுக்கும் சாயங்காலத்துக்குள் கண் மிளகாய்ப் பழம்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். ஷிப்ட் முடிந்து வண்டியை யார்டிலேயே விட்டுவிட்டு நடந்தபோது, திருப்பத்தில் அடித்த காற்றில் கண்ணாடி பறந்தது. எங்கே விழுந்தது என்று தேடக்கூடக் கண்ணாடி வேண்டுமே. விழுந்த மரத்துக்கும் அறுந்த ஒயருக்கும் வித்தியாசம் தெரியாமல் கொருக்குப்பேட்டை வரைக்கும் சுவரைத் தடவிக்கொண்டே வந்தேன். கரண்ட் இல்லை, கடைகள் இல்லை. மூன்று நாள் பழைய பவர் கண்ணாடியை வைத்துக்கொண்டு தலைவலியோடு திரிந்தேன். லேசர் பற்றி நிஜமாகவே யோசித்தது அப்போதுதான்.

முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். வாசலில் பேனர், உள்ளே பளிச்சென்று வரவேற்பறை. கால் மணி நேரத்தில் சோதனையெல்லாம் முடித்து, "அடுத்த சனிக்கிழமை ஸ்லாட் இருக்கு சார், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா தள்ளுபடி" என்றார்கள். நான் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவனா என்று யாரும் கேட்கவில்லை. அன்று காலைவரை போட்டிருந்தேன். லென்ஸ் கருவிழியின் (கார்னியா, கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் படலம்) வடிவத்தையே கொஞ்சம் அமுக்கி மாற்றிவிடும், அதனால் சாதாரண மென்மையான லென்ஸ் என்றால் ஒன்று இரண்டு வாரமாவது கழற்றி வைத்துவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பழைய பவர் சீட்டையும் கேட்கவில்லை. அன்று நான் தப்பித்ததற்கு அறிவு காரணமில்லை. மாதக் கடைசி, பர்சில் காசு இல்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் வயதானவர், அதிகம் பேசமாட்டார். பழைய சீட்டுகளைக் கேட்டார். ஒரு வருஷத்தில் அரைப் பவர் ஏறியிருந்தது. "நிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கோபம் வந்தது. காசு கொடுக்க வந்தவனை வேண்டாம் என்கிறாரே என்று. ஆனால் குறைந்தபட்சம் ஒரு வருஷமாவது பவர் அசையாமல் நிற்க வேண்டும் என்பது இந்த வைத்தியத்தில் முதல் விதி. நகர்ந்துகொண்டிருக்கும் கண்ணில் செய்தால் செய்த பிறகும் நகரும்.

2017 டிசம்பரில் மறுபடி போனேன். பவர் அப்படியே நின்றிருந்தது. இந்தத் தடவை லென்ஸ் கழற்றி இரண்டு வாரம். அரை நாள் சோதனை. கருவிழியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வரைபடமாக எடுத்தார்கள். கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்கக் கீழ் இமையில் காகிதத் துண்டைச் செருகினார்கள். இருட்டில் கண் பாப்பா எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்கள். அப்புறம் மருந்து விட்டு விரித்து விழித்திரை. அதிக மைனஸ் உள்ள கண் நீளமான கண். விழித்திரை ஓரத்தில் மெலிந்திருக்கலாம். லேசர் முன்பக்கத்தைத்தான் செதுக்கும், கண்ணின் நீளம் குறையாது. அதனால் விழித்திரைச் சோதனை எனக்கு இன்றைக்கும் வருஷா வருஷம் உண்டு.

இனி கணக்கு. என் கருவிழியின் மிக மெல்லிய இடம் 502 மைக்ரான். ஜெராக்ஸ் தாள் ஐந்தை அடுக்கினால் வரும் கனம். சராசரி சுமார் 540 மைக்ரான். பவர் ஒன்றைக் குறைக்க ஏறக்குறைய 14 மைக்ரான் செதுக்க வேண்டும், என் ஐந்தரைக்கு 77. லேசிக் என்றால் முதலில் சுமார் 110 மைக்ரான் கனத்தில் ஃபிளாப் என்று ஒரு மூடியை வெட்டித் திறந்து, உள்ளே செதுக்கி, மறுபடி மூடுவார்கள். 110, 77, மொத்தம் 187. அடியில் மிச்சம் 315. குறைந்தபட்சம் 250 இருந்தாக வேண்டும் என்பது வழக்கமான எல்லை. "எல்லைக்குள்ளதான் இருக்கு" என்றேன் சந்தோஷமாக.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்றார் டாக்டர். சொன்னேன். கதவுக் கம்பி எப்போதாவது முகத்தில் அடித்திருக்கிறதா? இரண்டு தடவை. அவர் பேனாவை வைத்துவிட்டார். ஃபிளாப் ஒட்டிக்கொள்ளும், ஆனால் வெட்டாத கருவிழியின் பழைய பலம் முழுசாகத் திரும்பாது. பலமாக அடிபட்டால் வருஷங்கள் கழித்தும் விலகலாம் என்றார். சின்னத் துளை வழியாக உள்ளிருந்து ஒரு தட்டை உருவி எடுக்கும் ஸ்மைல் முறை இருந்தது, அது என் பட்ஜெட்டில் இல்லை. மிஞ்சியது பிஆர்கே. மேல் தோலை மட்டும் நீக்கிவிட்டு மேற்பரப்பிலேயே செதுக்குவது. மூடி கிடையாது, விலகவும் ஒன்றுமில்லை. தோல் சில நாளில் வளர்ந்துவிடும். "ஆனா வலிக்கும்" என்றார். அதையும் குறைத்துத்தான் சொன்னார் என்பது பிறகு தெரிந்தது.

அன்று என்னோடு தங்கச்சியும் வந்திருந்தாள். அவளுக்கும் செய்துவிடலாம் என்று. சின்ன வயதிலிருந்து அலர்ஜி, எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பாள். அவளுடைய வரைபடத்தில் கீழ்ப்பகுதி சிவப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. கருவிழி கூம்பு மாதிரி மெலிந்து முன்னால் தள்ளும் கெரட்டோகோனஸின் ஆரம்பம். லேசர் கூடவே கூடாது, முதலில் கசக்குவதை நிறுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டு என்றார். அவள் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தாள். இப்போது ரிஜிட் லென்ஸ் (கெட்டியான காண்டாக்ட் லென்ஸ்) போட்டு நன்றாகவே பார்க்கிறாள். கால் மணி நேரச் சோதனை செய்த அந்த முதல் இடத்துக்கு அவளையும் கூட்டிப்போயிருந்தால் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும். பலவீனமான கருவிழியை லேசர் இன்னும் பலவீனமாக்கும், பார்வையே குலைந்துபோகலாம்.

வீட்டில் அம்மா ஒரே பிடிவாதம். அவள் புரை ஆபரேஷன் செய்துகொண்டது எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில். 1819ல் தொடங்கியது, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், அதைத் தவிர எதையும் நம்பமாட்டாள். "நல்லா இருக்குற கண்ணுல எதுக்குடா கத்தி?" கத்தி இல்லை, ஒளி என்று விளக்கினேன். 193 நானோமீட்டர் புற ஊதா லேசர் சூடாக்காமல் திசுவை அடுக்கடுக்காக எடுக்கும் என்பதை 1981ல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், மெட்ராஸில் பிறந்து மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் படித்தவர், முதலில் சோதித்தது வீட்டு விருந்தில் மிஞ்சிய வான்கோழியில் என்றேன். நம்ம ஊர்க்காரர் என்றால் இளகுவாள் என்று நினைத்தேன். "அந்த வான்கோழிக்கு அப்புறம் கண்ணு தெரிஞ்சுதா?" என்றாள்.

2018 பிப்ரவரியில் செய்துகொண்டேன். இரண்டு கண்ணுக்கும் ஒரே நாள், 38,000 ரூபாய். ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து, இமையைப் பிடிக்க ஒரு கம்பி, மினுக்கும் வெளிச்சத்தையே பார்க்கச் சொல்கிறார்கள், முடி பொசுங்கும் வாசனை, ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. மேலே பாதுகாப்புக்கு ஒரு லென்ஸ் வைத்து அனுப்பினார்கள். மருந்தின் மரப்பு விடத் தொடங்கிய நேரம் பார்த்து கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. ஆட்டோவுக்குள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பெட்டிகளைக் காதால் எண்ணினேன்.

மூன்று நாள் நரகம். வெங்காயத்தை அரைத்துக் கண்ணுக்குள் அப்பிய மாதிரி. ஜன்னலில் லுங்கியைக் கட்டி வீட்டையே இருட்டாக்கினார்கள். ஐந்தாம் நாள் லென்ஸை எடுத்தபோது தெரிந்தது பால் கலந்த உலகம். லேசிக் செய்த என் நண்பன் மறுநாளே பைக் ஓட்டினான். எனக்கு பஸ் போர்டு படிக்க இரண்டு வாரம், எழுத்து கூர்மையாக இரண்டு மாதம். ஸ்டீராய்டு சொட்டு மருந்து மூன்று மாதம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. அது கண் அழுத்தத்தை ஏற்றலாம் என்பதால் நடுநடுவே அழுத்தம் பார்த்தார்கள். வெயிலில் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். "இன்னா நைனா, படத்துல நடிக்கப் போறியா?" என்று யார்டே கேட்டது.

முதல் வருஷம் வறட்சிதான் பெரிய தொல்லை. விடியற்காலையில் இமை கண்ணோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். பத்து மாதத்தில் பெருமளவு சரியானது, ஏசியில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் இன்றும் செயற்கைக் கண்ணீர் வேண்டும். இரவில் எண்ணூர் நெடுஞ்சாலையில் எதிரே வரும் டிரெய்லர் லாரியின் ஹெட்லைட்டைச் சுற்றி ஒளிவட்டம். முதலில் வண்டிச் சக்கரம் அளவு, இப்போது தட்டு அளவு. முழுசாகப் போகவில்லை. இரவில் வண்டி ஓட்டித்தான் பிழைப்பு என்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நாலாவது வருஷம் வலது கண்ணில் மைனஸ் அரை திரும்பி வந்தது. கண்ணாடி போடுமளவுக்கு இல்லை.

இப்போதைய ரீடிங் கிளாஸ் விஷயம் வேறு. நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துக் கிட்டப் பார்வை மங்கும். லேசர் செய்தவர், செய்யாதவர் எல்லோருக்கும் இது உண்டு. ஆனால் மைனஸ்காரர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது: கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே வைத்துப் படித்துவிடலாம். நான் அதை விற்றுவிட்டேன். ஒரு கண்ணைக் கொஞ்சம் மைனஸில் விட்டுவைக்கவா என்று டாக்டர் அன்றே கேட்டார். முப்பத்து நாலு வயதுத் திமிரில் வேண்டாம் என்றேன். முப்பத்தெட்டு, நாற்பதில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பேசிவிட்டுப் போங்கள்.

காசு விஷயத்தில் ஒன்று. மருத்துவக் காப்பீட்டில் பவர் 7.5க்குக் கீழே இருந்தால் இந்தச் செலவு வராது, பாலிசியின் விதிவிலக்குப் பட்டியலிலேயே இருக்கும். இன்னொன்று, பெரம்பூர் பக்கம் வீட்டுக்கு ஒருவர் ரயில்வே பரீட்சைக்குப் படிப்பதால் சொல்கிறேன்: உதவி லோகோ பைலட் வேலைக்கு லேசிக் செய்தவர்கள் தகுதியில்லை என்று அறிவிப்பிலேயே போடுகிறார்கள். எதிர்வீட்டுப் பையன் கண்ணாடியைக் கழற்றினால் வேலை கிடைக்கும் என்று அட்வான்ஸ் வரை போய்விட்டான், நான்தான் அந்தப் பக்கத்தைக் காட்டித் தடுத்தேன்.

திரும்பச் செய்வாயா என்றால், செய்வேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்தபோது எதிரே வருவது கட்டையா பாம்பா என்று எனக்குத் தெரிந்தது. அதுவே போதும். ஆனால் மேஜையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, கண்ணாடி உறுத்தவில்லை, போட்டோவுக்காக மட்டும் என்றால் நான் இருந்த இடத்திலேயே இருந்திருப்பேன். சோதனைச் செலவை மட்டும் யாரும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன் எடுத்த அளவுகள், வரைபடம், எவ்வளவு செதுக்கினார்கள் என்ற தாள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் முதலில் லேசர் செய்ததைச் சொல்லியாக வேண்டும். நாளை புரை வந்தால் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடவும் பழைய அளவுகள் உதவும். ஃபைல் பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவில் இருக்கிறது. மேலே அம்மா பால்பாயிண்ட் பேனாவால் பெரிதாக "கண்ணு" என்று எழுதி வைத்திருக்கிறாள்.