வரிசை எந்தத் தேதியில் தொடங்குகிறது?

சென்னிமலையிலிருந்து ஈரோட்டுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போய்வருகிறார், மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் பெரியப்பா. இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த இடத்தைத் தொட்டால் விர்ரென்று அதிரும். எப்போது அழைப்பு வருமோ என்று போனைக் கையைவிட்டு இறக்க மாட்டார். "ஏங்கண்ணு, நம்ம நெம்பரு எங்க நிக்குதுன்னு பாரு" என்பார் தினமும்.

ஒன்றரை வருடம் ஊசி குத்திக்கொண்ட பிறகுதான் தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் பதிந்தோம். முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் பதிவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இங்கே பதிவு மூப்புதான் கணக்கு: முதலில் பதிந்தவர் முன்னால். அந்த ஒன்றரை வருடம் போனது போனதுதான். அமெரிக்காவில் 2014 டிசம்பரில் வந்த விதிப்படி, எப்போது பதிந்தாலும் டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்தே காத்திருப்பை எண்ணுகிறார்கள். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் அங்கே இன்னொரு வடிகட்டி உண்டு: நெடுநாள் உழைக்கும் என்று மதிப்பிடப்படும் முதல் 20 சதவீதச் சிறுநீரகங்கள், நெடுநாள் வாழக்கூடிய 20 சதவீத நோயாளிகளுக்கே முதலில். 68 வயது பெரியப்பா அதில் தேறமாட்டார். ஜெர்மனி, நெதர்லாந்து உட்பட 8 நாடுகள் சேர்ந்து உறுப்புகளைப் பகிரும் யூரோடிரான்ஸ்பிளான்ட் அமைப்பின் முறை அவருக்குப் பொருந்தும். 65 தாண்டியவரின் சிறுநீரகத்தை 65 தாண்டியவருக்கே கொடுக்கும் தனிவழி 1999 முதல் அங்கே இருக்கிறது.

நம்மூரில் ஒருவர் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி வழியாக மட்டுமே பதிய முடியும். மூளைச்சாவு அடைந்தவரின் ஒரு சிறுநீரகம் அவர் இருந்த ஆஸ்பத்திரியின் பட்டியலுக்கு, மற்றது பொதுப் பட்டியலுக்கு. ஆகவே எங்கே பதிகிறோம் என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது.

சிங்கப்பூர் கறார். இறந்தபின் உறுப்புக் கொடைக்கு மறுத்து எழுதிக் கொடுத்தவர், தனக்குத் தேவை வந்தால் வரிசையில் பின்னால் போக வேண்டும். ஸ்பெயினில் 1979 சட்டம், மறுத்திருந்தால் தவிர, இறந்தவர் எல்லோரையும் கொடையாளராகவே கொள்கிறது. இருந்தும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. ஐசியூவிலேயே அதற்கென்று பயிற்சி பெற்ற டாக்டர்கள் குடும்பத்தாரிடம் பேசுகிறார்கள். பத்து லட்சம் பேருக்கு ஐம்பதை ஒட்டிக் கொடையாளர்கள் கிடைக்கிறார்கள். இந்தியாவில் பத்து லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. வரும் சிறுநீரகமே சொற்பம் என்றால் எந்த விதி போட்டு என்ன?

சித்தப்பாவுக்கு ஈரான் பிடித்துவிட்டது. உயிரோடு இருப்பவருக்குப் பணம் கொடுத்து வாங்க 1988 முதல் அங்கே சட்டமே இடம் தருகிறது. "வரிசையே வேண்டாமுல்ல" என்றார். ஈரோட்டில் காவிரிப் பாலம் தாண்டினால் பள்ளிபாளையம். கடனுக்காக அங்கே விசைத்தறிக்காரர்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2025-இல் எல்லாப் பேப்பரிலும் வந்தது.

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவரும் முப்பது வருடம் தறி ஓட்டியவர்.