வீட்டுக் கணினியா, வாடகைச் சர்வரா: பெயரறியா மின்னஞ்சல் கடத்திக்கு ஆகும் செலவு

அனுப்புநரின் அடையாளத்தை நீக்கி மடலைக் கைமாற்றிவிடும் மிக்ஸ்மாஸ்டர் வகைக் கடத்தியைப் பல்லடத்திலோ கோபியிலோ ஒருவர் நடத்த விரும்பினால், பழைய கணினியே போதும். மடலைச் சுமந்து செல்லும் ஒவ்வொரு பொதியும் 20,480 பைட் என்ற ஒரே அளவுடையது. மின்னஞ்சலில் அனுப்ப எழுத்துவடிவாக மாற்றும்போது அது ஏறத்தாழ 28 கிலோபைட் ஆகும். எனவே நாளுக்கு 1,000 பொதிகள் வந்து சென்றாலும் மொத்தப் போக்குவரத்து 60 மெகாபைட்டைத் தாண்டாது.

வீட்டில் உண்மையான செலவு மின்சாரம்தான். 80 வாட் இழுக்கும் மேசைக் கணினி இரவு பகலாக ஓடினால் 60 நாளில் 115 யூனிட் ஆகிறது. வீடுகளுக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச 100 யூனிட்டை அது ஒன்றே விழுங்கிவிடும். 5 வாட் இழுக்கும் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினிக்கோ 7 யூனிட்டே போதும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையும் பெரிய இழப்பன்று. மடல்களைத் தேக்கிக் கலந்து அனுப்புவதே கடத்தியின் இயல்பு என்பதால் தாமதம் அதற்குப் பகையில்லை. ஆனால் பல வீட்டு இணைப்புகளில், சர்வர்கள் தமக்குள் மடல் பரிமாறப் பயன்படுத்தும் 25ஆம் போர்ட் என்ற வழி அடைக்கப்பட்டிருக்கும். மாறாத இணைய முகவரியான நிலையான ஐபி முகவரிக்குத் தனிக் கட்டணம் உண்டு.

வாடகைச் சர்வரில் மின்கட்டணமும் யுபிஎஸ் பேட்டரியும் இல்லை. நிலையான முகவரி வாடகையிலேயே பெரும்பாலும் அடங்கும். எனினும் மடலைத் திறக்கும் மறைதிறவி பிறருடைய வட்டில் கிடக்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022ஆம் ஆண்டில் இட்ட ஆணைப்படி, இந்தியாவில் சர்வர் வாடகைக்கு விடுவோர் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருக்கவும் வேண்டும். அனுப்புநரின் பாதுகாப்பே இப்பணியின் உயிர் என்பதால், நிலையான முகவரிக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தியேனும் திறவியை வீட்டில் வைத்திருப்பதையே நான் தேர்வேன்.