இடமில்லை என்று சொன்னவர்களுக்கு நான்கு நட்சத்திரம்

ஸ்கூட்டர் சீட்டைப் பிறாண்டி வைக்கும் என்பதற்கு மேல் பூனைகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. 35 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒரு சாம்பல் வரிப் பூனை குட்டி போட்டது. மூன்றில் ஒன்றுதான் மிஞ்சியது. அதற்கும் இரண்டு கண்ணிலும் பீளை அப்பி, இடது கண் வெளியே பிதுங்கி நின்றது. பார்க்கச் சகிக்காமல் பூனை மீட்புக் குழு ஒன்றுக்குச் செய்தி அனுப்பினேன். வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், நம் கடமை முடிந்தது என்ற எண்ணம்தான்.

இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் ஒரு பெண் பேசினார். "எங்ககிட்ட இடம் இல்லை சார். உங்க வீட்ல கதவு சாத்தி வைக்கிற மாதிரி ஒரு பாத்ரூம் இருக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. பூனையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்பவர்கள் என் பாத்ரூமைக் கேட்பானேன்? ஆனாலும் பின்பக்கத்துப் பாத்ரூம் சும்மாதான் கிடந்தது. இருக்கிறது என்றேன். அன்று மாலையே ஒரு கம்பிக்கூண்டு, குட்டி கக்கா போக ஒரு தட்டு, அதில் கொட்ட ஒரு பை மணல், ஊசி இல்லாத சிரிஞ்சு நான்கு, மறுநாள் டாக்டரைப் பார்க்க நேரம் எல்லாம் வந்து சேர்ந்தன. இந்தச் சேவை இப்படித்தான் நடக்கிறது. பூனையை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வேண்டியதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வந்து அள்ளிக்கொண்டு போவார்கள் என்று எதிர்பார்ப்பவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

குட்டி 520 கிராம் இருந்தது. பூனைகளுக்கு வரும் ஜலதோஷ வைரஸ் கண்ணைத் தாக்கியிருக்கிறது, இடது கண் தேறாது, எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் 1 கிலோவாவது வந்தால்தான் மயக்க மருந்தைத் தைரியமாகக் கொடுக்கலாம். அந்த ஒரே மயக்கத்திலேயே கருத்தடையும் செய்துவிடலாம். அதுவரை கண்ணுக்குச் சொட்டு மருந்து, வாய்க்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை.

மாத்திரை கொடுக்கும் விதத்தை அந்தப் பெண்தான் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து காட்டினார். குட்டியைத் துண்டில் கழுத்து வரை இறுக்கிச் சுற்றி, நான்கு காலும் உள்ளே போன பிறகு, வாயோரத்தில் விரலை வைத்துத் திறந்து, கால் மாத்திரையை நாக்கின் அடியில் அல்ல, பின்பக்கம் தள்ள வேண்டும். உடனே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர், கன்னத்துப் பக்கமாக, மெதுவாக. இந்தத் தண்ணீரை விட்டுவிடவே கூடாதாம். இந்த மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடமே புண்ணாகிச் சுருங்கிப்போகும். இதை மருந்துச் சீட்டில் யாரும் எழுதவில்லை. எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியையும் ஒரு பார்வை பார்த்தார். பாராசிட்டமாலைத் தனியாக எடுத்து வைத்து, காய்ச்சலாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு இதில் ஒரு துண்டு கொடுத்தால்கூடப் பூனை செத்துப்போகும் என்றார். இந்த ஒரு வகுப்புக்கே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

கணக்கெழுதிய கை சும்மா இருக்குமா? சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துத் தினமும் காலையில் எடை போட்டு நோட்டில் எழுதினேன். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் 8 கிராம் குறைந்தது. காலை ஆறு மணிக்கு நான்கு முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. பதினொரு மணிக்குச் செய்தி வந்தது: "கக்கா போன பிறகு எடை போட்டீங்களா சார்?" ஆமாம், அதற்குப் பிறகுதான் போட்டிருந்தேன்.

இதற்கிடையில் தாயைப் பிடிக்க வேண்டியிருந்தது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கர்ப்பம் தரித்துவிடும், ஒன்பது வாரத்தில் மறுபடி குட்டி போடும் என்று சொன்ன பிறகுதான் அவசரம் எனக்குப் புரிந்தது. பசி இருந்தால்தான் கூண்டுக்குள் வரும், அதனால் முதல் நாள் மாலையிலிருந்து யாரும் சாப்பாடு வைக்கக் கூடாது. கட்டடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். மேல் வீட்டுப் பையனிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். அவன் ராத்திரி வயிறு முட்டப் போட்டிருக்கிறான். அது கூண்டுக்கு முன்னால் படுத்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. மறுநாள் கூண்டின் கடைசி மூலையில் மீன் வைத்தோம். கதவு விழுந்ததும் உள்ளே ஒரே ரகளை. மேலே ஒரு போர்வையைப் போட்டதும் சட்டென்று அடங்கிவிட்டது. ஆனால் அந்தக் கூண்டுக் கதவின் ஸ்பிரிங் என் விரலை ஒரு வழி பண்ணிவிட்டது. எண்ணெய் போடச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன்.

கருத்தடை முடிந்து, இடது காது நுனியை நேராக வெட்டி, ஒரு நாள் கழித்துத் தாயை அதே படிக்கட்டில் விடச் சொன்னார்கள். காதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே ஆபரேஷன் ஆன பூனை என்று தெரியும், இன்னொரு முறை பிடித்து வயிற்றைக் கிழிக்க மாட்டார்கள். சரி, அது நியாயம். ஆனால் அதற்கும் ஒரு வீடு தேடக் கூடாதா என்று கேட்டேன். மனிதர் கிட்டே வந்தாலே சீறுகிற வளர்ந்த பூனையை வீட்டுக்குள் அடைத்தால் அதற்கு அது சிறைதான் என்றார்கள். இதில் எனக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை.

ஐந்தாவது வாரம் தராசு 1,010 காட்டியது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் இருந்த இடத்தில் நான்கு தையல். மறுநாளே என் செருப்பைத் துரத்தியது.

தத்து கொடுப்பதில்தான் அவர்களோடு சண்டை போட்டேன். முதலில் வந்தவர் மகளின் பிறந்தநாளுக்குத் திடீர்ப் பரிசாகக் கேட்டார். நல்ல வீடு, நல்ல மனிதர். குழுவின் அந்தப் பெண் முடியாது என்றுவிட்டார். பூனை வரப்போவது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டுமாம். ஒற்றைக்கண் குட்டியை வேறு யார் கேட்பார்கள் என்று போனில் கத்தினேன். மூன்று வாரம் யாரும் கேட்கவில்லைதான். நான்கு பக்க விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தே பாதிப் பேர் ஓடியிருப்பார்கள். அதை இரண்டு பக்கமாகக் குறைக்கலாம்.

அப்புறம் ஒருவர் வந்தார். குட்டியைத் தூக்கவில்லை, கொஞ்சவில்லை. என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "கண் தெரியாத பக்கத்திலிருந்து தொட்டா பயப்படுமா?" பயப்படும். இத்தனை வாரம் வளர்த்த எனக்குத்தான் அது தெரியும். எப்போதும் வலப்பக்கமாக வந்து, முதலில் குரல் கொடுத்துவிட்டுத்தான் தொடுவேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வலை அடித்த படத்தை அனுப்பிய பிறகே குட்டியைக் கொடுத்தார்கள். என்றைக்காவது வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் தராமல் குழுவிடமே திருப்பித் தர வேண்டும் என்று கையெழுத்தும் வாங்கினார்கள். மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்ததாம். எடை நோட்டையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். தாய் இன்னும் மூன்றாவது படியில்தான் உட்காருகிறது, என்னைப் பார்த்தால் சீறுகிறது.

நான்கு நட்சத்திரம். ஐந்தாவது என் கையில்தான் இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் போனை எடுத்தால் தருகிறேன்.