கிரிப்ட்செட்டப்போடு ஐந்து வருடம்

கோண்டாவிலில் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் 1 டெராபைட் வன்தட்டு ஒன்று இருக்கிறது. அதற்குள் படமும் இல்லை, பாட்டும் இல்லை. எல்லாம் காணி உறுதிகள். பெரியப்பா நொத்தாரிசாக இருந்தவர். 1995 ஐப்பசி (ஒக்டோபர்) 30 இரவு யாழ்ப்பாண இடப்பெயர்வில் ஊரே வீட்டை விட்டு நடந்தபோது அவர் உடுப்பை விட்டாலும் உறுதிக் கட்டை விடவில்லையாம். சொப்பிங் பைக்குள் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு போனவர் என்று அம்மா சொல்லுவா. அந்தக் கட்டையும், பிறகு சொந்தக்காரர் கொண்டுவந்து தந்த கட்டுகளையும் 2020 ஊரடங்கில் ஸ்கான் பண்ணத் தொடங்கினேன். யாருக்கு எத்தனை பரப்பு, எது சீதனமாக எழுதினது, எது ஈட்டில் கிடக்கிறது என்று எல்லாம் அதில் உண்டு. குடும்பத்துக்குள் பத்துச் சண்டைக்குப் போதுமான மருந்து. திறந்தபடி விட ஏலாது.

முதலில் பாஸ்வேட் போட்ட ஸிப் கோப்புகளாக வைத்தேன். பிறகு ஜிபிஜி என்ற பூட்டும் மென்பொருளால், ஒவ்வொரு கோப்பையும் பாஸ்வேட் போட்டுப் பூட்டினேன். ஒரு கோப்பைப் பூட்டி மின்னஞ்சலில் அனுப்ப ஜிபிஜி நல்ல சாமான், இன்றைக்கும் அதைத்தான் பாவிக்கிறேன். ஆனால் மூவாயிரம் கோப்புக்கு அது சரிவரவில்லை. ஒன்றைப் பார்க்கத் திறந்தால் திறந்த பிரதி தட்டில் கிடக்கும், அழிக்க மறந்துபோகும். பாஸ்வேட்டை மாற்ற நினைத்தால் மூவாயிரத்தையும் திரும்பப் பூட்ட வேண்டும். உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட கையோடு, தட்டு முழுவதையும் ஒன்றாகப் பூட்டும் கிரிப்ட்செட்டப் என்ற மென்பொருளுக்கு மாறினேன். காசு இல்லை. பொத்தானும் இல்லை, மெனுவும் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டியதுதான்.

இது செய்கிற வேலையைச் சொல்ல எங்கள் ஊர்ப் பேச்சே போதும். நாங்கள் சாவி என்பதில்லை, திறப்பு என்போம். சமச்சீர்க் குறியாக்கத்தில் பூட்டுவதும் திறப்பதும் ஒரே திறப்பால்தான். தட்டு முழுவதையும் ஏஈஎஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டும் அந்தத் திறப்பை மென்பொருளே எழுமாற்றாக உருவாக்கிக்கொள்ளும். 512 பிட், அதை இரண்டு 256 ஆகப் பிரித்துப் பாவிக்கும். அதை நான் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. நான் அடிக்கும் பாஸ்வேட் தட்டைத் திறப்பதில்லை. அந்தப் பெரிய திறப்பு வைத்திருக்கும் சின்னப் பெட்டி ஒன்றைத்தான் திறக்கிறது. அந்தப் பெட்டிக்குப் பெயர் ஸ்லொட். ஸ்லொட்டுகளைத் தட்டில் அடுக்கி வைக்கும் அமைப்புக்குப் பெயர் லக்ஸ். பழைய லக்ஸ் 1இல் 8 ஸ்லொட், லக்ஸ் 2இல் 32 வரை வைக்கலாம். எல்லா ஸ்லொட்டுக்குள்ளும் இருப்பது அதே திறப்பு, ஆளுக்கொரு பாஸ்வேட்டால் மூடியபடி.

நான் இதில் விழுந்ததே அந்த ஸ்லொட்டுகளால்தான். ஸ்லொட் 0 எனக்கு. 1, ஸ்கான் பண்ண உதவிக்கு வந்த பெடியனுக்கு. 2, ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்கு, எனக்கு ஏதும் நடந்தால் வந்து திறக்க. 3இல் பாஸ்வேட் இல்லை. ஒரு பென்ட்ரைவில் 4096 பைட் எழுமாற்றுக் குப்பையைக் கோப்பாக்கி, அதையே திறப்பாகக் கொடுத்தேன். அது அம்மாவின் றங்குப்பெட்டிக்குள், சேலைகளுக்கு அடியில். பாஸ்வேட்டை மாற்றினாலோ ஆளைச் சேர்த்தாலோ உறுதிகள் இருக்கும் பகுதியில் ஒரு பைட்டும் அசையாது. இரண்டு விநாடி வேலை.

குறையையும் சொல்ல வேண்டும். ஸ்லொட்டுக்குப் பெயர் வைக்க ஏலாது. ஸ்லொட் விபரம் காட்டும் ‘லக்ஸ்டம்ப்’ கட்டளையை அடித்தால் இலக்கமும் கணிதமும் வரும், எது யாருடையது என்று வராது. ஐந்து வருடமாக அதை ஒரு 80 பக்கக் கொப்பியில் எழுதி வைக்கிறேன். இலக்கத்தை மாறி அடித்து அக்காவின் ஸ்லொட்டை அழித்துவிட்டு, பிறகு கொப்பியைப் பார்த்துத் தலையில் கை வைத்த நாளும் உண்டு.

தமிழில் பாஸ்வேட் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். நான் வைத்தேன். ‘கொடிகாமத்துப் பலாப்பழம்’, பின்னால் ஒரு இலக்கம். அந்த ஸ்லொட் இப்போது இல்லை, அதனால் சொல்லலாம். மடிக்கணினியில் ஒரு மாதம் ஒழுங்காகத் திறந்தது. பிறகு மேசைக் கணினியில் செருகினால், இந்தப் பாஸ்வேட்டுக்குப் பொருந்தும் திறப்பு எதுவும் இல்லை என்கிறது. டெர்மினலில் அடிக்கிற எழுத்துத் திரையில் தெரியாது, ஒரு நட்சத்திரக் குறிகூட வராது. விரல்தான் பிழை விடுகிறது என்று அரை மணித்தியாலம் திரும்பத் திரும்ப அடித்தேன். கடைசியில் இரண்டு கணினியிலும் அதே சொல்லை ஒரு கோப்பில் எழுதிப் பார்த்தேன். கண்ணுக்கு அச்சொட்டாக ஒன்றுதான். பைட் பைட்டாக விரித்தபோதுதான் விஷயம் வெளித்தது. மடிக்கணினியில் ‘கொ’ 6 பைட், மேசைக் கணினியில் 9. ஒரு விசைப்பலகை ‘ொ’ என்பதை ஒரே குறியாக அனுப்புகிறது. மற்றது ஒற்றைக்கொம்பைத் தனியாக, அரவைத் தனியாக அனுப்புகிறது. யூனிகோட்டில் இரண்டும் செல்லுபடி, வாசிப்பவருக்கு ஒரே எழுத்து. கிரிப்ட்செட்டப் எழுத்தைப் பார்ப்பதில்லை, வருகிற பைட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஆஸ்கி எழுத்துகளை (சாதாரண ஆங்கில எழுத்து, இலக்கம், குறி) மட்டும் பாவியுங்கள் என்று அதன் கேள்வி-பதில் பகுதியில் எழுதியே இருக்கிறது. யார் வாசித்தது?

இப்போது எங்கள் எல்லாருக்கும் பாஸ்வேட், பகடை உருட்டி எடுத்த ஆறு ஆங்கிலச் சொற்கள்தான். அடிக்க முன்னம் விசைப்பலகை எந்த மொழியில் நிற்கிறது என்று ஒருமுறை பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

சரி, முக்கியமான கதைக்கு வருகிறேன்.

2021 கடைசியில் பெடியனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்துப் போனான். அவனோடு எந்தப் பிரச்சினையும் இல்லை, நல்ல பிள்ளை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. ‘லக்ஸ்கில்ஸ்லொட்’ அடித்து ஸ்லொட் 1ஐ அழித்தேன். அவனுடைய பாஸ்வேட் எனக்குத் தெரியத் தேவையில்லை, என்னுடையதைக் கொடுத்தால் போதும். படலைப் பூட்டை மாற்றாமலே ஒருவர் கையில் இருந்த திறப்பைச் செல்லாததாக்கிய மாதிரி. கொப்பியில் அந்த வரியை வெட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த மாசி மாதம் அம்மாவின் பென்ட்ரைவைச் சரிபார்க்க எடுத்தபோது அதில் ஒரு 16 எம்பிக் கோப்பு கிடந்தது. தட்டின் ஹெடர் பிரதி. ஸ்லொட்டுகள் எல்லாம் இருப்பது தட்டின் தொடக்கத்தில் உள்ள அந்த ஹெடரில்தான். அது பழுதானால் பாஸ்வேட் தெரிந்தும் பயனில்லை, ஆகவே ‘லக்ஸ்ஹெடர்பக்கப்’ மூலம் ஒரு பிரதி எடுத்துவைக்கச் சொல்வார்கள். நானும் 2020இல் எடுத்திருந்தேன். அப்போது ஸ்லொட் 1 உயிரோடு இருந்த காலம். அதைப் பார்த்தபடி நிற்கும்போது வயிற்றுக்குள் என்னவோ செய்தது. உடனே பெடியனுக்கு அழைத்தேன்.

“தம்பி, உன்ரை பழைய பாஸ்வேட் ஞாபகம் இருக்கோ?”

“இருக்கு அண்ணை. அது இப்ப வேலை செய்யாதெல்லோ?”

“சொல்லு பாப்பம்.”

சொன்னான். தட்டிலுள்ள ஹெடரை விட்டுவிட்டு இந்தப் பழைய கோப்பை ஹெடராகப் பாவி என்று கட்டளை கொடுத்து, அவனுடைய பாஸ்வேட்டை அடித்தேன். இரண்டு விநாடி. திறந்துவிட்டது. பெரியப்பாவின் உறுதிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. நான் அழித்தது தட்டில் இருந்த பெட்டியை மட்டும்தான். அதே பெட்டியின் இன்னொரு பிரதி இந்தக் கோப்பில் அப்படியே இருக்கிறது, அதற்குள் இருக்கும் பெரிய திறப்பும் மாறவேயில்லை. பாஸ்வேட்டை எத்தனை தரம் மாற்றினாலும் அது மாறாது. எனக்கு வசதியாக இருந்த அதே விஷயம்தான் இங்கே காலை வாரியது.

“என்ன அண்ணை, திறக்கேல்லைத்தானே?” என்று அவன் கேட்கிறான். பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவனை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த ஹெடர் பிரதி ஒரு காலத்தில் ஸ்கான் பண்ணும் கணினியிலும் கிடந்தது, அந்தக் கணினி திருத்தக் கடைக்கும் போய் வந்தது. இனி எத்தனை பிரதி எங்கே என்று தேடித் திரிவதைவிடப் பெரிய திறப்பையே மாற்றுவதுதான் வழி. அதற்கு ‘ரீஎன்கிரிப்ட்’ என்ற கட்டளை. முழுத் தட்டையும் வாசித்துப் புதுத் திறப்பால் திரும்ப எழுதும். எனக்கு ஏறத்தாழ எட்டு மணித்தியால வேலை. நான் தேர்ந்தெடுத்த நேரம் 2022 பங்குனி (மார்ச்). நாடு முழுக்க மின்வெட்டு. மாதக் கடைசியில் அது ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. வன்தட்டு மடிக்கணினியில் இருந்துதான் மின்சாரம் எடுக்கிறது, மடிக்கணினியின் பற்றரி இரண்டரை மணித்தியாலம் தாங்கும். முக்கால்வாசியில் எல்லாம் அணைந்தது. பாதி பழைய திறப்பு, பாதி புதுத் திறப்பு என்று தட்டு நடுவில் நிற்கிறது. அன்று இரவு நித்திரை இல்லை.

காலையில் மின்சாரம் வந்ததும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எந்த இடம் வரை எழுதினோம் என்பதை லக்ஸ் 2 ஹெடரிலேயே குறித்துக்கொண்டு போகிறது. இடையில் நின்றால் அந்தத் துண்டை மட்டும் சரிபார்த்து எடுக்கிறது. ஒரு கோப்புக்கூடப் பழுதில்லை. இந்தக் கருவிக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

என்னுடைய ஸ்லொட்டை மட்டும் குறித்துக் கொடுத்திருந்தேன், ஆகவே வேலை முடிந்ததும் மற்றவை எல்லாம் போய்விட்டன. பென்ட்ரைவ் கோப்பைத் திரும்பச் சேர்ப்பது லேசு. அக்காதான் தொலைபேசியில் ஆறு சொல்லையும் ஒவ்வொன்றாகச் சொன்னா. சரியான முறை இல்லை என்று தெரியும், ஆனால் அதற்காக ரொறன்ரோவிலிருந்து பிளேன் ஏறச் சொல்ல ஏலுமா? “உன்ரை இந்தக் கூத்துக்கு உறுதியை நான் கட்டிலுக்குக் கீழை வைச்சிருப்பன்” என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தா.

இவ்வளவுக்கும் பிறகு ஹெடர் பிரதியே வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மனம் கேட்காமல் புதிதாக ஒன்று எடுத்து றங்குப்பெட்டியில் வைத்தேன். 2023இல் மருமகன் அந்த வன்தட்டை வேறு இயங்குதளம் உள்ள கணினியில் செருகினான். இந்தத் தட்டைப் பாவிக்க முன்னம் ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. செய் என்று அமத்திவிட்டான். பிள்ளையைப் பிழை சொல்ல ஏலாது. வாங்கும்போது தட்டில் இருந்த பகுதியையே (பார்ட்டிஷன்) நான் பாவித்திருந்தேன், அதன் வகைக் குறியை லினக்ஸ் என்று மாற்றவில்லை, மற்றக் கணினி அதைத் தன்னுடைய வெறும் தட்டு என்று எடுத்துக்கொண்டது. ஃபோர்மட் தட்டின் தொடக்கத்தில் இருந்த ஹெடரின் மேல் எழுதிவிட்டது. ஸ்லொட்டுக்குள் இருக்கும் திறப்பை வேண்டுமென்றே 4000 மடங்காக விரித்து எழுதியிருப்பார்கள். அழிக்கும்போது ஒரு மூலை அழிந்தாலே முழுவதும் செத்துப்போக வேண்டும் என்பதற்காக. அந்தப் புத்திசாலித்தனம் இப்படியான நாளில் எங்களுக்கு எதிராக நிற்கும்.

பிரதி இருந்ததால் ‘லக்ஸ்ஹெடர்ரிஸ்டோர்’ கொடுத்து, பெரிய எழுத்தில் யெஸ் என்று அடித்து, தட்டைத் திறந்தேன். கோப்பு முறைமையைச் சரிபார்த்து முடித்தபோது ஏழு உறுதிகள் மட்டும் கெட்டிருந்தன. மூலங்கள் வீட்டில் இருந்தபடியால் திரும்ப ஸ்கான் பண்ணினேன். அன்றைக்கே வகைக் குறியையும் மாற்றினேன்.

ராஸ்பெரி பை என்ற கையடக்கச் சின்னக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் ஸ்லொட் உருவாக்கினால், பாஸ்வேட்டைச் சோதிக்கும் ஆர்கன்2 என்ற கணக்கு முறை ஒவ்வொரு தரமும் 1 ஜிபி வரை நினைவகம் கேட்கும். ஊகித்துப் பார்ப்பவரைக் களைக்க வைக்கத்தான் அப்படி. என்னுடைய பை 3இல் இருப்பதே 1 ஜிபி, திறக்கவே முடியவில்லை. ‘லக்ஸ்கொன்வேர்ட்கீ’ மூலம் அந்த ஸ்லொட்டை 256 எம்பிக்குக் குறைத்தேன், திறந்தது. ஆனால் அதன் சிப்பில் ஏஈஎஸ்ஸுக்கான தனிக் கட்டளைகள் இல்லை, வேகம் ஆமைதான். பிறகு விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு ஸ்லொட்டைத் தொட்டால் பழைய ஹெடர் பிரதியை அழித்துப் புதியதை எடுத்து, திகதியைக் கொப்பியில் எழுதுகிறேன். இப்போது ஓடுவது உபுண்டு 24.04. அதே தட்டு ஒரு முறைப்பாடும் இல்லாமல் திறக்கிறது. பெடியன் போன தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். “அண்ணை, அண்டைக்கு அது திறந்ததோ இல்லையோ?” என்று திரும்பவும் கேட்டான். திறந்தது என்றேன். சிரித்துவிட்டு, தனக்கு இப்போது பாஸ்வேட் மறந்தே போச்சு என்றான். கொப்பியில் ஸ்லொட் 1இன் வரி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.